மாயாற்றங்கரையில் பாறுகளின் கூடுகாலம்: மனு எழுதும் முன் ஒரு விவாதம்

பதிவு 1: நீர்மருது

முதுமலைத் தேசியப் பூங்காவின் வடக்கு எல்லையில், பந்திப்பூர்க் காட்டைப் பிரித்தபடி ஓடும் மாயாற்றை இங்குள்ள பலரும் பார்த்திருப்பீர்கள். சிலர் மோயாறு என்பார்கள், ஆறு ஒன்றுதான். தெப்பக்காட்டுப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவிடுகிறவர்களுக்கு அது ஒரு சிற்றாறாகத் தெரியும். அதே ஆறு கிழக்கே போய், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழமான பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு இறங்கி, தெங்குமரகடாவைக் கடந்து பவானிசாகர் அணையில் சேர்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் பாறைச் சரிவுகளில் கருங்கழுத்துப் பாறுகளும் (பாறு என்பது பிணந்தின்னிக் கழுகு), ஆற்றையும் அதன் ஓடைகளையும் ஒட்டி வளர்ந்த உயரமான நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகளும் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் பாறுகள் இன்றும் கூடியிருந்து இனம்பெருக்கும் இடங்கள் மிகச் சில; இந்த ஆற்றங்கரை அவற்றுள் முதன்மையானது.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநில வனத்துறைகளும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எடுத்த கணக்கில் 246 பாறுகள் தென்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் எடுத்த இரண்டாம் கணக்கில் 320 தென்பட்டன. தேடிய இடங்களும் ஆட்களும் மாறியிருக்கக்கூடும் என்பதால் இதை அப்படியே பெருக்கம் என்று கொண்டாட நான் தயங்குகிறேன். அதிகமான எண்ணையே எடுத்துக்கொண்டாலும், மூன்று மாநிலக் காடுகளுக்கும் சேர்த்து ஒரு திருமண மண்டபத்தில் அடங்கிவிடும் எண்ணிக்கைதான் அது.

வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு வளர்ந்து தானே இனம்பெருக்கும் வயதை அடைய ஐந்து ஆண்டுகள் ஆகும். மழைக்காலம் முடியும்போது கூடு கட்டத் தொடங்கினால் குஞ்சு பறக்கக் கோடை வந்துவிடுகிறது. ஆகவே கூட்டில் முட்டையும் குஞ்சும் இருக்கும் மாதங்களில்தான் காட்டுத்தீக் காலமும், கோயில் திருவிழாக்களும், ஊட்டியின் கோடைப் பருவமும் வந்து சேர்கின்றன. ஆற்றங்கரையில் வண்டி நிறுத்துவதும், குளிப்பதும், ஒலிபெருக்கி வைப்பதும், கூட்டைத் தேடிப் புகைப்படக் கருவியுடன் நடப்பதும் இந்த மாதங்களில்தான் மிகுதி. தாய்ப்பறவை அரைமணி நேரம் கூட்டை விட்டு எழுந்தால் வெயிலில் கிடக்கும் முட்டை என்னவாகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நாங்கள் வனத்துறையிடம் கேட்க நினைப்பது இது: நவம்பர் முதல் மே வரை, தெப்பக்காட்டிலிருந்து கீழ்நோக்கி, ஆற்றின் இரு கரையிலும் 500 மீட்டர் தூரத்துக்கு யாரும் நுழையக் கூடாது. விதிவிலக்கு எதுவும் கூடாது. மனுவை அனுப்பும் முன் குறைகளைச் சொல்லுங்கள்.

பதிவு 2: மசினகுடிக்காரர்

நீர்மருது சார், உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்த மனுவை இப்படியே அனுப்பினால் எங்கள் ஊரில் ஒருவர்கூடக் கையெழுத்துப் போட மாட்டார். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பாறுகள் கூடு கட்டும் மரங்களில் பெரும்பாலானவை தேசியப் பூங்காவுக்குள் இல்லை. 1990-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா ஏறத்தாழ 103 சதுர கிலோமீட்டர். நீங்கள் சொல்லும் மரங்கள் சீகூர்ச் சமவெளியில், புலிகள் காப்பகத்தின் வெளிமண்டலத்தில் உள்ளன. அங்கே இருளர், குறும்பர் ஊர்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. சிரியூர் மாரியம்மன் கோயிலும் ஆனைக்கட்டியில் உள்ள ஆனைக்கல் மாரியம்மன் கோயிலும் அந்தக் காட்டுக்குள்தான் இருக்கின்றன. இரு கரையிலும் 500 மீட்டர் என்று கோடு போட்டால், அந்த மக்கள் தண்ணீர் எடுக்கும் துறையும் மாடு ஓட்டும் தடமும் கோயிலுக்குப் போகும் பாதையும் கோட்டுக்குள் விழும். வனஉரிமைச் சட்டம் 2006-இலேயே வந்துவிட்டது. அவர்களைக் கேட்காமல் அப்படிக் கோடு போடவும் முடியாது.

கோயில் திருவிழாவுக்கு ஏற்கெனவே கட்டுப்பாடு உண்டு. எத்தனை வண்டி போகலாம், எப்போது திரும்ப வேண்டும் என்று வனத்துறை சொல்கிறது. முதல் ஆண்டுகளில் எங்களுக்குக் கோபம் இருந்தது உண்மை. இப்போது சொந்த வண்டிகளை விட்டுவிட்டுப் பேருந்தில் போவதற்குப் பெரியவர்களே பழகிவிட்டார்கள். ஒலிபெருக்கியைக் குறைக்கவும் சம்மதம் கிடைத்தது. மாரியம்மனுக்குப் பாறும் பிள்ளைதான் என்று ஒரு பூசாரி சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். பேசினால் இந்த ஊர் கேட்கும். தடை என்று முதல் வரியிலேயே எழுதினால் கேட்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் இரவில் விளக்கடித்து விலங்கு காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிப்போகும் ஜீப்புகளை நான் நியாயப்படுத்த மாட்டேன். நானும் ஒரு காலத்தில் ஜீப் ஓட்டியவன்தான். அதைச் செய்யச் சொல்லிக் கேட்பவர்கள் வெளியூர் விருந்தினர்கள். செய்பவர்கள் எங்கள் பையன்கள். யானை வழித்தட வழக்கில் 2018-இல் விடுதிகள் பல மூடப்பட்டன. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தட அறிவிப்பை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு சரியானதே என்று நான் நினைக்கிறேன். ஆனால் விடுதியில் பாத்திரம் கழுவிய பெண்ணுக்கு அதற்குப் பிறகு என்ன வேலை என்று யாரும் மனு எழுதவில்லை.

பதிவு 3: கால்நடை_கோபி

முப்பது ஆண்டுகள் கால்நடை மருத்துவனாக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆற்றங்கரை அமைதி தேவைதான். ஆனால் பாறுகளைக் கொன்றது ஆற்றங்கரைச் சத்தம் அன்று. மாட்டுக்கு நாங்கள் போட்ட ஊசி. இதை மனுவின் முதல் பத்தியில் எழுதாவிட்டால் அடிப்படையே பிசகிவிடும்.

டைக்ளோபீனாக் என்ற வலிமருந்து போடப்பட்ட மாடு சில நாட்களுக்குள் இறந்து, அதன் சடலத்தைப் பாறுகள் தின்றால் அவற்றின் சிறுநீரகம் செயலிழக்கும். இறந்த பறவையை அறுத்துப் பார்த்தால் ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருக்கும். இதைப் பாகிஸ்தானில் ஆய்ந்து 2004-இல் உறுதிப்படுத்தினார்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு 999 மறைந்துபோயின. அப்பேரழிவுக்கு எல்லாச் சடலங்களிலும் மருந்து இருந்திருக்க வேண்டியதில்லை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சடலத்தைச் சுற்றிப் பாறுகள் கூட்டமாக இறங்கும் வழக்கம்தான் அவற்றின் பலம். இங்கே அதுவே அவற்றுக்குக் கேடாக முடிந்தது.

2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோபீனாக் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால், 2015-இல் ஊசிமருந்தை 3 மில்லிலிட்டர் சிறு குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்றார்கள். அதே வகை வலிமருந்துகளான கீட்டோபுரோபென், அசிக்ளோபீனாக் ஆகியவற்றுக்குக் கால்நடைகளில் நாடு முழுதும் தடை வந்தது 2023-இல். தமிழ்நாடு 2015-இலேயே நீலகிரி, கோவை, ஈரோடு மாவட்டங்களில் கால்நடை மருந்தகங்களில் கீட்டோபுரோபெனை நிறுத்தியது. அதற்குப் பாறுகளைக் காக்க உழைக்கும் அருளகம் போன்ற அமைப்புகள் ஊர் ஊராகச் சென்று செய்த வேலை காரணம். மெலாக்சிகம் பாறுகளுக்குத் தீங்கற்றது. டோல்பினாமிக் அமிலமும் அப்படியே. மாட்டின் வலியைத் தணிக்க மருந்தே இல்லை என்ற நிலை என்றும் இருந்ததில்லை. விலையும் பழக்கமுமே தடை.

பணியில் இருந்த காலத்தில், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் மருந்துக்கடையில், தடை வந்து பல ஆண்டுகள் கழித்தும் மனிதர்களுக்கான குப்பிகளை மாட்டுக்காரர்களுக்கு எடுத்துக் கொடுப்பதை நேரில் பார்த்தேன். புகார் எழுதினேன். நடவடிக்கை ஒன்றும் வரவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு: தடைக்கு முன் எத்தனை மாடுகளுக்கு நானே அந்த ஊசியைப் போட்டிருப்பேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை.

பாறு ஒரு நாளில் நூறு கிலோமீட்டர் பறந்து இரை தேடக்கூடிய பறவை. நீங்கள் ஆற்றின் இரு கரையிலும் 500 மீட்டரை மூடுகிறீர்கள். அது கூட்டிலிருந்து எழுந்து சத்தியமங்கலத்துக்கோ மைசூர்ப் பக்கமோ போய் இறந்த மாட்டைத் தின்றுவிட்டு வரும். ஆகவே கூட்டைச் சுற்றிய வட்டம் ஒன்று, தட்டைச் சுற்றிய வட்டம் ஒன்று என இரண்டு தேவை. இரண்டாவது வட்டத்துக்குள் மூன்று மாநிலங்களின் மருந்துக்கடைகள் வருகின்றன.

தட்டில் உணவும் இருக்க வேண்டும். புலி இறந்தால் உடற்கூறாய்வுக்குப் பின் எரிக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் காரணம் உண்டு. யானை, காட்டெருது, கடமான் ஆகியவை இறந்தால், நோயோ நஞ்சோ இல்லை என்று உறுதியானபின் சடலத்தைக் காட்டிலேயே விட்டுவிடலாம். புதைக்கப்படும் ஒவ்வொரு சடலமும் பாறுகளுக்குக் கிடைக்காமல் போகும் ஒரு வேளைச் சோறு.

பதிவு 4: நெறியாளர்

ஒரு வேண்டுகோள். கூடுகள் இருக்கும் இடங்களின் பெயரையோ வரைபடக் குறிப்பையோ யாரும் இந்த இழையில் எழுத வேண்டாம். சற்றுமுன் ஓர் உறுப்பினர் இணைத்திருந்த கூட்டின் படத்தை, பின்னணியில் இடம் அடையாளம் தெரிகிறது என்பதால் நீக்கியிருக்கிறோம். நல்ல நோக்கத்துடன் இட்டவர் என்பதை அறிவோம்.

பதிவு 5: மின்தொடர்

எல்லோரும் கரையைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆற்றில் ஓடும் நீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் நீர்மின் நிலையங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மாயாறு இயற்கையாக ஓடும் ஆறு என்று நினைத்து மனு எழுதினால், அந்த மனு பாதி ஆற்றைத்தான் காக்கும்.

முக்கூர்த்தி மலைப்பக்கம் பிறக்கும் பைக்காராதான் கீழே இறங்கியபின் மாயாறு என்று பெயர் பெறுகிறது. அதன் நீரில் பெரும்பங்கு அணைகளில் தேங்கி, கிளன்மார்கனிலிருந்து குழாய் வழியாகச் செங்குத்தாகச் சிங்காராவுக்கு இறங்குகிறது. சிங்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறோம். 2005-இல் 150 மெகாவாட் திறனுள்ள பைக்காரா இறுதிநிலைத் திட்டமும் நிலத்தடியில் சேர்ந்தது. அங்கே சுழலியைச் சுற்றிய நீர் மரவகண்டி அணைக்குப் போய், அங்கிருந்து கால்வாயில் ஓடி, பள்ளத்தாக்கின் அடியில் உள்ள 36 மெகாவாட் மாயார் மின்நிலையத்தில் மீண்டும் விழுந்து, அதன்பிறகே ஆற்றில் சேர்கிறது. இதனால் ஆற்றின் மேற்பகுதியில் கோடையில் ஓட்டம் மெலிந்துவிடுகிறது. கீழ்ப்பகுதியிலோ, மாலையில் ஊர்களில் விளக்கும் மின்விசிறியும் ஓடத் தொடங்கும் நேரத்தில் ஆறு உயர்கிறது; தேவை குறைந்ததும் வடிகிறது. ஒரே நாளில் வெள்ளமும் வற்றலும் பார்க்கும் ஆறு அது.

இந்த ஏற்ற இறக்கத்தில் யார் வாழ்கிறார்கள் என்று பாருங்கள். கரையில் வளை தோண்டும் நீர்நாய், மணல் திட்டில் முட்டையிடும் முதலை, கூழாங்கல் படுகையில் முட்டையிடும் திமில் மகசீர். இந்தத் திமில் மகசீர் காவிரிப் படுகையில் மட்டுமே உள்ள மீன். 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. நூறாண்டுகளுக்கும் மேலாகத் தூண்டில்காரர்கள் புகழ்ந்த இந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர் 2018-இல்தான் உறுதியானது. அதே ஆண்டில் அது மிக அருகிவிட்ட இனம் என்றும் உலகப் பட்டியலில் ஏறியது. அது மிஞ்சியிருக்கும் சில இடங்களில் மாயாறும் ஒன்று. பாறு வானத்தில் பறப்பதால் எல்லோர் கண்ணிலும் படுகிறது; இந்த மீனுக்காக யாரும் மனு எழுதியதாக எனக்கு நினைவில்லை.

நீர்மருது மரத்துக்கு வருகிறேன். அதன் காய்க்கு ஐந்து சிறகு உண்டு. நீரில் மிதந்து போய், வெள்ளம் வடிந்த வண்டல் கரையில் ஒதுங்கி முளைக்கக்கூடியது. மருத நிலத்துக்குப் பெயர் தந்த மரமே இதுதான் என்று சொல்வோரும் உண்டு. வெள்ளம் வர வேண்டிய பருவத்தில் வராமல், ஒதுங்கிய விதை வேரூன்றும் முன் தினமும் நனைந்து அடித்துச் செல்லப்பட்டால், இன்று கூடு தாங்கும் முதிய மரங்கள் சாயும்போது அவற்றின் இடத்தில் நிற்க இளமரங்கள் இருக்குமா? பாறுகளை எண்ணும் அதே நாளில், கரையில் இடுப்புயர மருதக் கன்றுகளையும் எண்ணச் சொல்லி மனுவில் கேளுங்கள். செலவில்லாத வேலை, இருபது ஆண்டுகள் கழித்து அதன் அருமை தெரியும்.

சட்டமும் துணை நிற்கிறது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 35(6) பிரிவு, தேசியப் பூங்காவுக்குள் வரும் நீரையோ வெளியேறும் நீரையோ தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதியின்றித் திருப்பவோ தடுக்கவோ கூட்டவோ கூடாது என்கிறது. அணைகள் அந்தச் சட்டத்துக்கு முந்தியவை. அவற்றை இடிக்கச் சொல்ல நான் வரவில்லை. நீரைத் திடீரென்று விடாமல் படிப்படியாகக் கூட்டுவதும் குறைப்பதும் இயக்க முறையில் செய்யக்கூடிய மாற்றம். கீழே பவானிசாகர் நீரை நம்பி 2 லட்சம் ஏக்கருக்கு மேல் கீழ்பவானிப் பாசனம் இருக்கிறது. உழவர்களுக்கு இதனால் ஒரு சொட்டும் குறையாது, வந்து சேரும் மணிக்கணக்கு மட்டுமே மாறும். மேற்பகுதியில் கோடைக்கு ஓரளவு நீரை ஆற்றின் வழியே விட வேண்டும் என்றால் அந்த அளவுக்கு மின்சாரம் குறையும். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. அந்த இழப்பைத் தமிழ்நாடு தாங்கும் என்பது என் கருத்து.

பதிவு 6: நீர்மருது

ஐயா, நான் இந்த ஆற்றுக்குப் பத்து முறைக்கு மேல் வந்திருக்கிறேன். நீர் ஏறி இறங்குவதைப் பார்த்தும் அது மழையால் என்றே நினைத்திருந்தேன். மாலையில் நீர் உயரும் வேகத்தை வனத்துறையோ மின்வாரியமோ அளந்து வெளியிடுகின்றனவா?

பதிவு 7: மின்தொடர்

நிலையத்தில் எந்த நேரம் எத்தனை இயந்திரம் ஓடியது என்ற பதிவு நிச்சயம் இருக்கும். அது இல்லாமல் நிலையத்தை இயக்க முடியாது. அதை ஆற்றின் நிலையோடு பொருத்திப் பார்ப்பதுதான் செய்யப்பட வேண்டிய வேலை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். எந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன்.

பதிவு 8: கடல்கடந்தவள்

நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன், பிறந்தது கூடலூர். இங்கே யோசெமிட்டி தேசியப் பூங்காவின் நடுவே மெர்செட் என்ற ஆறு ஓடுகிறது. 1987-இல் அதைக் காட்டழகு மாறாமல் காக்க வேண்டிய ஆறு என்று நாட்டின் சட்டமே அறிவித்தது. ஆனால் அந்த ஆற்றை எப்படிப் பேணுவது என்ற திட்டம் நிலையாக வந்து சேர 2014 ஆகிவிட்டது. இடையில் வழக்குகள் நடந்தன. எத்தனை பேர் வந்தால் ஆறு தாங்கும் என்ற எண்ணைச் சொல்லாத திட்டம் திட்டமே ஆகாது என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. கடைசியில் பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். அந்த எண் சரியா தவறா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் எண் ஒன்று இருப்பதால்தான் வாதாடவே முடிகிறது.

பாறுகளோடு நேரடியாகப் பொருந்தும் செய்தி இன்னொன்று. அந்தப் பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களில் பொரி வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. அவையும் ஒரு வேதிப்பொருளால் அழிவின் விளிம்புக்குப் போனவை: டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே உடைந்தது. 1972-இல் அமெரிக்காவில் டிடிடி தடை செய்யப்பட்டது. 1999-இல் அப்பறவை அருகிய இனங்களின் பட்டியலிலிருந்து விடுபட்டது. தடை மட்டும் போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை, கூடு இருக்கக்கூடிய சுவர்களில் உள்ள ஏறுபாதைகளை மட்டும் மூடுகிறார்கள். கண்காணிப்பவர்கள் அந்த ஆண்டில் எந்தச் சுவரில் கூடு இல்லை என்று உறுதி செய்கிறார்களோ, அந்தச் சுவரை முன்னதாகவே திறந்துவிடுகிறார்கள். மலையேறுபவர்களே தாங்கள் பார்த்ததைப் பூங்காவுக்குச் சொல்கிறார்கள். மருத்துவர் ஐயா சொன்ன நஞ்சுத் தடையும் நீர்மருது சொன்ன கூட்டுக் காவலும் அங்கே ஒன்றையொன்று தள்ளிவிடவில்லை.

அந்த நாட்டின் பணமும் ஆட்பலமும் வேறு; அங்கே பூங்காவுக்குள் இருந்த தொல்குடி மக்களை வெளியேற்றிய பழியும் அதே பள்ளத்தாக்கின் மேல் இருக்கிறது. அதை மட்டும் நாம் கற்றுக்கொள்ள வேண்டாம். ஆனால் மூடுவது கூடு இருக்கும் இடத்தில், கூடு இருக்கும் காலத்தில் என்ற முறையை எடுத்துக்கொள்ளலாம். நீலகிரியிலும் எண் வைக்கும் பழக்கம் வந்துவிட்டதே: 2024 மே முதல் இ-பாஸ் இருக்கிறது, 2025 ஏப்ரல் முதல் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்ற வரம்பும் வந்தது. அது மாவட்டம் முழுவதற்குமான எண். மசினகுடிச் சாலைக்கும் ஆற்றங்கரைக்கும் தனி எண் வேண்டும்.

பதிவு 9: தெங்குமரகடா மகள்

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். ஆறு எங்கள் ஊருக்கும் வருகிறது என்பதால் எழுதுகிறேன். 1948-இல் கூட்டுறவுப் பண்ணைக்காகக் காட்டைத் திருத்தி உருவான ஊர் எங்களுடையது. மாவட்டம் நீலகிரி, ஆனால் பவானிசாகர் வழியாகக் காட்டுக்குள் வந்து, மாயாற்றைப் பரிசலில் கடந்துதான் ஊருக்குள் வர முடியும். மின்தொடர் ஐயா சொன்ன ஏற்ற இறக்கம் எங்களுக்குப் புதிதன்று. காலையில் முழங்கால் அளவு இருந்த இடத்தில் மாலையில் பரிசலே போகாது. கர்ப்பிணிகள் அக்கரையில் காத்திருந்திருக்கிறார்கள். நீரைப் படிப்படியாக விடுங்கள் என்று கேட்டால் மீனுக்கும் நீர்நாய்க்கும் மட்டும் அன்று, எங்களுக்கும் நல்லது. அந்த வரியில் எங்கள் ஊரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

ஊரை இடம் மாற்றுவது பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்று பேசப்பட்டது. போகலாம் என்போரும் போக மாட்டோம் என்போரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். இங்கே அதை விவாதிக்க நான் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வயலோரத்தில் வெளிமான் மேய்கிறது. கழுதைப்புலியை எங்கள் மாட்டுக்காரர்கள் இன்றும் பார்க்கிறார்கள். செத்த மாட்டின்மேல் பாறுகள் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. மாடு மேய்ப்பவர்களை ஆற்றுக்குப் பகைவர்களாக எழுதாதீர்கள். எந்த மாடு எப்போது செத்தது, அதற்கு என்ன ஊசி போட்டார்கள் என்பதை மருந்துக்கடையைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள். அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பதிவு 10: நீர்மருது

மூன்று நாட்களாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் முதல் பதிவில் இருந்த கேட்பைத் திரும்பப் பெறுகிறேன். விதிவிலக்கே கூடாது என்று நான் எழுதியது, ஆற்றைச் சாலையிலிருந்து மட்டுமே பார்த்தவனின் பிடிவாதம்.

புதிய வரைவு இப்படி இருக்கும். முதலில் மருந்து: நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்ட மருந்துக்கடைகளில் பெரிய குப்பி விற்பனையைத் தொடர்ந்து ஆய்வு செய்து முடிவை வெளியிட வேண்டும், கால்நடை மருந்தகங்களில் மெலாக்சிகம் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். அடுத்தது கூடு: ஆண்டுதோறும் அக்டோபரில் இருந்து ஊர்மக்களும் வனத்துறையும் சேர்ந்து கூடுமரங்களைக் கண்டு, அந்த மரங்களைச் சுற்றி மட்டும், குஞ்சு பறக்கும் வரை, சுற்றுலா வண்டிகளையும் புகைப்படக்காரர்களையும் நிறுத்த வேண்டும். அதில் என்னைப் போன்றவர்களும் அடக்கம். ஊர்மக்களின் துறையும் தடமும் கோயில் பாதையும் கிராமசபையோடு பேசி முடிவு செய்யப்பட வேண்டும். கூடுகாவலர்களாக இருளர், குறும்பர் இளைஞர்களை ஆண்டு முழுவதற்குமான சம்பளத்தில் அமர்த்த வேண்டும். மூன்று மாதத் தினக்கூலியாக வேண்டாம். மூன்றாவது நீர்: மாயார் மின்நிலையத்தின் நீர்விடுப்பு படிப்படியாக இருக்க வேண்டும், அதன் நேரம் தெங்குமரகடாவுக்கும் கல்லாம்பாளையத்துக்கும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும், மேற்பகுதியில் கோடைக்குக் குறைந்தபட்ச ஓட்டம் வகுக்கப்பட வேண்டும். மருதக் கன்றுகளின் கணக்கும் உண்டு. மசினகுடிச் சாலைக்கான வண்டி எண்ணைத் தனிப் பத்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

ஒரு சிறு சந்தேகம் மட்டும் எஞ்சி நிற்கிறது. இவ்வளவையும் ஒரே மனுவில் கேட்டால், படிப்பவர் எளிதான ஒன்றை மட்டும் செய்துவிட்டு, அதாவது ஆற்றங்கரையில் ஓர் எச்சரிக்கைப் பலகை நட்டுவிட்டு, முடித்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். வனத்துறைக்கு ஒன்று, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒன்று, மின்வாரியத்துக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் படியையும் மற்ற இரு துறைகளுக்கும் அனுப்பலாம் என்று நினைக்கிறேன்.

பதிவு 11: கால்நடை_கோபி

மூன்றாகப் பிரிப்பதே சரி. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கான மனுவை நான் எழுதித் தருகிறேன். எந்தெந்த மருந்து, எந்தெந்த அறிவிக்கை என்பது எனக்குக் கைவந்தது. கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் மாவட்டத்துக்கும் கன்னடத்தில் ஒரு படி போக வேண்டும். ஆற்றின் அந்தக் கரை அவர்களுடையது.

பதிவு 12: மசினகுடிக்காரர்

நீர்மருது சார், இப்படி எழுதினால் கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு. வனத்துறைக்கான மனுவில் இன்னும் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால் இழப்பீடு கிடைக்கிறது; ஆனால் வந்து சேர மாதங்கள் ஆகின்றன. அந்தக் கோபத்தில் ஒருவன் செத்த மாட்டின்மேல் பூச்சிமருந்தைத் தெளித்துவிட்டால் புலியும் போகும், பாறுக் கூட்டமும் போகும். 2023 செப்டம்பரில் அவலாஞ்சிப் பக்கம் விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. அங்கே பாறுகள் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் ஐயாவைக் கேளுங்கள். மாடு செத்த அன்றே வனக்காவலர் வந்து பார்த்து, முதல் தவணையை ஒரு வாரத்துக்குள் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, சடலத்தைத் தொடாமல் அப்படியே காட்டில் விட்டுவிடுகிறோம் என்று மாட்டுக்காரர்கள் எழுதித் தருவார்கள். நான் நால்வரிடம் பேசிவிட்டேன். நால்வரும் சரி என்றார்கள். மாரியம்மன் கோயில் பூசாரியிடம் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அச்சிட்ட மனுவை அதற்குள் அனுப்பிவிடுங்கள்.